என்ஸ்லோ குன்றுக்கு ஏன் யாரும் வரவில்லை?

வறுமையும் கொடுங்கோன்மையும் எல்லை மீறினால் புரட்சி வெடிக்கும் என்று பள்ளியில் படித்தோம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பா முழுவதுமே பசியிலும் வரிச்சுமையிலும் தவித்தபோது ஓரிரு நாடுகளில் மட்டும் ஆட்சி கவிழ்ந்தது ஏன், மற்ற இடங்களில் கலகம் கலகமாகவே அடங்கிப்போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்காமல் போன ஒரு புரட்சியிலிருந்து பதிலைத் தொடங்குகிறேன்.

1596 நவம்பரில் ஓர் இரவு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் என்ஸ்லோ என்னும் குன்றின் மேல், பார்த்தலோமியோ ஸ்டீர் என்ற தச்சர் ஆட்களுக்காகக் காத்திருந்தார். 1594 முதல் ஆண்டுதோறும் விளைச்சல் பொய்த்திருந்தது. தானிய விலை கூலிக்காரர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வடக்கு மாவட்டங்களில் பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன. மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டு வளைத்துக்கொண்ட கனவான்களின் வீடுகளில் புகுந்து ஆயுதங்களைக் கைப்பற்றுவது, பிறகு லண்டனுக்குப் போய் அங்கே தொழில் பழகும் இளைஞர்களோடு சேர்ந்துகொள்வது என்பது ஸ்டீரின் திட்டம். ஸ்பெயினில் சாமானியர்கள் கனவான்களையெல்லாம் கொன்றுவிட்டு அன்று முதல் சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று அவர் சொல்லி வந்ததாக விசாரணைப் பதிவில் இருக்கிறது. ஸ்பெயினில் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்பது வேறு விஷயம். நூற்றுக்கணக்கில் ஆட்கள் திரளுவார்கள் என்று அவர் நம்பிய குன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே வந்தனர். இரண்டு மணி நேரம் வழி பார்த்துவிட்டு அவர்களும் வீடு திரும்பினர். பிடிபட்டவர்கள் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது, இருவர் தூக்கிலிடப்பட்டனர்.

பசிதான் புரட்சியின் தாய் என்றால் இங்கிலாந்தின் முடியாட்சி அந்த ஆண்டில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அது உடையத் தொடங்கியது 1640இல். அப்போது விளைச்சல் 1596 அளவுக்கு மோசமாக இல்லை. 1640களின் கடைசியில் கடும் பஞ்சம் வந்தது உண்மை, ஆனால் அதற்குள் முதல் உள்நாட்டுப் போரே முடிந்து, மன்னர் சிறைப்பட்டுவிட்டார். ஆகவே விடையைப் பசியில் மட்டும் தேடினால் கிடைக்காது. ஓர் ஆட்சி தன் காரியங்களை யாருடைய கைகளைக் கொண்டு நடத்திக்கொள்கிறதோ அந்தக் கைகள் பின்வாங்கும்போது அது ஆட்டம் காண்கிறது என்பதும், அவ்வாறு ஆட்டம் காணும் வேளையில், தாமே கூடிப் பேசி, கணக்கு வைத்து, மனு எழுதி, தேவைப்பட்டால் ஆயுதமும் ஏந்திப் பழகிய மக்கள் கீழே இருந்தால்தான் கலகம் புரட்சியாக வளர்கிறது என்பதும் என் வாதம். இங்கிலாந்தை விரிவாகவும் மற்ற நாடுகளை ஒப்பீட்டுக்காகவும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்டீரின் குன்றுக்கு வராமல் போனவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன், 1549இல், நார்ஃபோக் மாவட்டத்தில் ராபர்ட் கெட் தலைமையில் ஏறத்தாழ 16,000 பேர் நாரிச் நகருக்கு வெளியே முகாமிட்டிருந்தனர். கெட் ஏழையல்ல, சொந்த நிலமும் தோல் பதனிடும் தொழிலும் உடைய வசதியான மனிதர். அவரைப் போன்ற குடியானவர்கள் முன்னால் நின்றதால்தான் பின்னால் கூட்டம் சேர்ந்தது. 1596இல் அந்த நடுத்தர அடுக்கு வீட்டிலேயே இருந்துவிட்டது. 1540களில் 30 லட்சத்துக்கும் குறைவாக இருந்த இங்கிலாந்தின் மக்கள்தொகை நூறாண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. 1500க்கும் 1640க்கும் இடையில் உணவுப் பொருள்களின் விலை ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. தானியம் விற்பவருக்கு இது பொற்காலம், தானியம் வாங்கித் தின்பவருக்குப் பேரிடர். ஒரே விலையேற்றம் ஒரே ஊரை இரண்டாகப் பிளந்தது. போதாக்குறைக்கு, 1598, 1601ஆம் ஆண்டுகளின் ஏழையர் நிவாரணச் சட்டங்கள், ஊரில் வரி தண்டி ஏழைகளுக்குப் படியளக்கும் பொறுப்பை அந்த வசதியான குடியானவர்களிடமே ஒப்படைத்தன. ஏழைகளைக் கணக்கெடுக்கும் நோட்டைக் கையில் வைத்திருப்பவர் ஏழைகளோடு குன்றேற மாட்டார்.

1596இல் அரசின் பக்கம் நின்ற அதே அடுக்கு, அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஏன் நகர்ந்தது? இதற்கு அந்த அரசு இயங்கிய விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து மன்னருக்கு நிலையான படை கிடையாது, போலீஸ் கிடையாது, மாவட்டங்களில் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் என்று சொல்லத்தக்க கூட்டமும் கிடையாது. மாவட்ட நிர்வாகத்தை நடத்தியவர்கள் ஊதியம் இல்லாத சமாதான நீதவான்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் பதவிப் பெயர் இன்றும் பழக்கமானது. அதன் மூலம் இங்கிலாந்தில்தான் இருக்கிறது. ஓராண்டுக்கு நியமிக்கப்படும் ஷெரிஃபும் அப்படியே. அவர்களுக்குக் கீழே ஊர்க் கான்ஸ்டபிள், கோயில் காப்பாளர், ஏழையர் மேற்பார்வையாளர், ஜூரி உறுப்பினர் என்று எல்லாரும் அக்கம்பக்கத்தவரே. முறை வைத்துப் பதவிக்கு வருவார்கள், முறை முடிந்ததும் ஏருக்கோ பட்டறைக்கோ திரும்புவார்கள். ஆணை மன்னருடையது, ஆனால் அதை நிறைவேற்றும் கை ஊராருடையது. இதில் இரண்டு விளைவுகள் அடங்கியிருந்தன: மிகக் குறைந்த செலவில் நாடு நடந்தது, அத்துடன், ஆளப்படும் மக்களில் கணிசமானோர் ஆட்சி நடத்தும் பழக்கத்தையும் பெற்றுக்கொண்டே வந்தனர்.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் கப்பல் வரி விவகாரத்தில் ஒருசேர வெளிப்பட்டன. 1629இல் பாராளுமன்றத்தைக் கலைத்த மன்னர் முதலாம் சார்லஸ் அதன் பிறகு 11 ஆண்டுகள் அதைக் கூட்டவே இல்லை. பாராளுமன்றம் இல்லாமல் புதிய வரி விதிக்க முடியாது என்பதால், போர்க்காலத்தில் கரையோர ஊர்களிடம் கப்பல் கேட்கும் பழைய உரிமையைத் தூசு தட்டி எடுத்தார். 1634இல் கரையோரத்துக்கு மட்டும் போன ஆணை, 1635இல் கடலையே பார்த்திராத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் போயிற்று. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மொத்தத் தொகை குறிக்கப்படும். அதை வசூலித்துத் தருவது ஷெரிஃபின் சொந்தப் பொறுப்பு. ஷெரிஃப் அதை ஊர் வாரியாகப் பிரிப்பார், ஊரில் கான்ஸ்டபிளும் மதிப்பீட்டாளர்களும் வீடு வாரியாகப் பிரிப்பார்கள். முன்பு வரிப் பட்டியலில் இடம்பெறாத சிறிய குடும்பங்களும் இதில் சேர்ந்தன.

முதல் சில ஆண்டுகளில் இந்த இயந்திரம் வியப்பூட்டும் அளவுக்கு ஓடியது. கேட்ட தொகையில் 100க்கு 90க்கும் மேல் வசூலாயிற்று. மக்கள் வெறுத்த வரி என்று சொல்வோர் இதை மறந்துவிடுகிறார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தார்கள், ஆனாலும் கொடுத்தார்கள். ஜான் ஹாம்ப்டன் என்ற செல்வந்தர், தம் நிலமொன்றின் மீது விதிக்கப்பட்ட வெறும் 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்கைச் சந்தித்தார். 1638இல் 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னருக்குச் சாதகமாகவும் 5 பேர் எதிராகவும் தீர்ப்பளித்தனர். சட்டப்படி மன்னர் வென்றார். ஆனால் மன்னரின் சொந்த நீதிபதிகளிலேயே ஐவர் இந்த வரியை ஏற்கவில்லை என்ற செய்தி ஊர் ஊராகப் போயிற்று. அதன் பிறகு நடந்தது ஆரவாரமில்லாத ஒரு சங்கதி. வரி கட்டாதவன் வீட்டுக்குக் கான்ஸ்டபிள் போய் மாட்டை ஜப்தி செய்வார். அந்த மாட்டை ஏலத்தில் எடுக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது. தன் ஆண்டு முடிந்ததும் அதே ஊரில் அதே மனிதர்களோடு வாழ வேண்டியவர் என்பதால் கான்ஸ்டபிளும் மெல்ல மெல்லச் சாக்குச் சொல்லத் தொடங்கினார். 1639ஆம் ஆண்டு ஆணையில் கேட்ட தொகையில் கால் பங்குகூடக் கஜானாவுக்கு வரவில்லை. ஒரு கல்கூட எறியப்படாமல், ஒரு வாளும் உருவப்படாமல் அரசின் வருவாய் நின்றுபோனது. 1596இல் வீட்டில் இருந்த அதே மனிதர்கள் 1639இலும் வீட்டிலேயே இருந்தார்கள். இம்முறை அவர்கள் வீட்டில் இருந்ததே எதிர்ப்பாயிற்று.

பணம் மட்டுமே காரணம் என்று வாதிட நான் முன்வர மாட்டேன். வரியைக் கொடுக்காமல் இருக்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை அக்காலத்தில் மதம் தந்தது. வேதத்தை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகிய இரண்டு, மூன்று தலைமுறைகள் வந்துவிட்டன. 1560இல் வெளியான ஜெனிவா வேதாகமத்தின் ஓரக் குறிப்புகளில் ஒன்று பிரசித்தமானது: எபிரேயக் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்து மன்னன் மருத்துவச்சிகளுக்குக் கட்டளையிட்டபோது, அவர்கள் கீழ்ப்படியாதது முறையே, பொய் சொன்னதுதான் தவறு என்கிறது அந்தக் குறிப்பு. சார்லஸின் தந்தை முதலாம் ஜேம்ஸுக்கு இது பிடிக்கவே இல்லை. 1604இல் அவர் புதிய மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தபோது இத்தகைய ஓரக் குறிப்புகள் கூடாது என்று வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். அடுப்படியில் வைத்து வாசிக்கும் புத்தகத்தின் ஓரத்திலேயே மன்னனுக்குக் கீழ்ப்படியாமை பற்றிய ஒரு வரி இருந்தது என்றால், அதைத் தினமும் வாசிக்கும் குடும்பத்தின் மனத்தில் என்ன படியும் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1640களின் தொடக்கத்தில் ஆண்களில் ஏறத்தாழ 100க்கு 30 பேர் தம் பெயரைக் கையெழுத்திடத் தெரிந்தவர்கள். லண்டனில் இந்த விகிதம் இன்னும் மிக அதிகம்.

படித்தவர்களின் எண்ணிக்கையும் வேலைகளின் எண்ணிக்கையும் பொருந்தாமல் போனதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கை 1630களில் தொட்ட உயரத்தை மீண்டும் எட்ட 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேருக்கும் கோயில் மானியமோ அரசவைப் பதவியோ கிடைக்கவில்லை. பட்டம் பெற்றும் பங்கு (ஒரு கோயிலும் அதன் ஊர்வட்டமும்) கிடைக்காத போதகர்களை நகரசபைகளும் ஊர்ப் பெரியவர்களும் தம் செலவில் பிரசங்கிகளாக வைத்துக்கொண்டனர். சோறு போடுகிறவர் ஆயர் (பிஷப்) அல்ல என்பதால் அவர்கள் ஆயருக்கு அஞ்சவும் இல்லை. 1637இல் ஆயர்களைக் கண்டித்து எழுதிய குற்றத்துக்காகப் பிரின், பேஸ்ட்விக், பர்ட்டன் என்ற மூவரின் காதுகளைப் பொது இடத்தில் அறுத்தார்கள். அவர்கள் ஒரு வழக்கறிஞர், ஒரு மருத்துவர், ஒரு போதகர். திருடனின் காதை அறுத்தால் வேடிக்கை பார்க்கும் ஊர், படித்த கனவானின் காதை அறுத்தபோது அதைத் தன் காதாக நினைத்தது.

அதே 1637 ஜூலையில், ஸ்காட்லாந்துக்கும் மன்னராக இருந்த சார்லஸ் அந்நாட்டு மக்கள் மீது ஆங்கில முறையிலான புதிய வழிபாட்டு நூலைத் திணிக்கப் போய், எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் பேராலயத்தில் ரகளை மூண்டது. 1638இல் ஸ்காட்லாந்தின் பிரபுக்களும் போதகர்களும் நகரத்தாரும் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அவர்களை அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும், பணத்துக்குப் பாராளுமன்றம் வேண்டும் என்ற சங்கிலியில் சார்லஸ் மாட்டிக்கொண்டார். 1640 ஏப்ரலில் கூட்டிய பாராளுமன்றம் குறைகளைப் பேசாமல் பணம் தர மறுத்தது. மே மாதமே அதைக் கலைத்தார். கட்டாயமாகத் திரட்டிய படைவீரர்கள் வடக்கே நடந்துபோகும் வழியில் கோயில்களின் பலிபீடக் கிராதிகளைப் பிடுங்கி எரித்தார்கள். மேய்ச்சல் நில வேலிகளைச் சாய்த்தார்கள். கத்தோலிக்கர் என்ற சந்தேகத்தில் தங்கள் அதிகாரிகள் இருவரைக் கொன்றும் விட்டார்கள். ஆகஸ்ட் 28 அன்று நியூபர்ன் என்ற இடத்தில் ஸ்காட்டுப் படை எளிதாக வென்று, லண்டனுக்கு நிலக்கரி அனுப்பும் நியூகாசில் நகரைப் பிடித்தது. உடன்பாடு ஏற்படும் வரை அந்த எதிரிப் படைக்குச் சார்லஸே நாளொன்றுக்கு 850 பவுண்டு படியளக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதைக் கொடுக்க மறுபடியும் பாராளுமன்றத்தைத்தான் கூட்ட வேண்டும். நவம்பர் 3 அன்று கூடிய அந்தச் சபையை முன்போல் கலைத்துவிட முடியாத நிலை உருவாகியிருந்தது. அந்தச் சபைக்கு ஆட்களை அனுப்பியவர்கள், கப்பல் வரியைத் தண்டிய, பிறகு தண்டாமல் விட்ட மாவட்டத்தார்தாம்.

அங்கே கூடியிருந்தவர்கள் புரட்சி செய்ய வந்தவர்கள் அல்லர். புரட்சியைக் குறிக்க இன்று வழங்கும் ஆங்கிலச் சொல் அன்று பெரும்பாலும் கோள்களின் சுழற்சியைக் குறித்தது. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவது என்பதே அதன் பொருள். அவர்களும் மாக்னா கார்ட்டா எனப்படும் 1215ஆம் ஆண்டின் மகா சாசனத்துக்கும் மூதாதையர் சட்டத்துக்கும் நாட்டைத் திருப்பிக் கொண்டுபோவதாகவே நம்பினார்கள். பழைய உரிமையை மீட்கிறோம் என்ற நம்பிக்கை இருந்ததால்தான், புதுமை என்றாலே முகம் சுளிக்கும் நிலவுடைமையாளர்களும் அவ்வளவு தூரம் துணிந்தனர் என்பது என் கணிப்பு. முதல் ஓராண்டில் அவர்கள் ஏறத்தாழ ஒருமித்தே நின்றனர்: மன்னரின் தலைமை ஆலோசகர் ஸ்ட்ராஃபோர்டு பிரபு 1641 மே 12 அன்று மரண தண்டனை பெற்றுக் கொல்லப்பட்டார், கப்பல் வரி சட்டவிரோதமாயிற்று, நட்சத்திர மன்றம் என்ற சிறப்பு நீதிமன்றம் ஒழிந்தது. அது ஒழிந்ததோடு அச்சுத் தணிக்கையும் சரிந்தது. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை கடைத்தெருவுக்கு வந்த துண்டுப் பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்துவைத்தார். சுமார் 22,000 உருப்படிகள் இன்றும் இருக்கின்றன.

லண்டனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1600இல் சுமார் 2 லட்சம் பேர் இருந்த நகரம் 1640களில் மூன்றரை லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஈஸ்ட்சீப் தெருவில் நெஹெமையா வாலிங்டன் என்ற மரக் கடைசல்காரர் இருந்தார். பட்டறையில் நாற்காலிக் கால்களைக் கடைந்த நேரம் போக, தம் பாவங்களையும் ஊர் நடப்பையும் எழுதி 50 நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். அவற்றில் 7 மிஞ்சியுள்ளன. 1641 மே மாதம் ஸ்ட்ராஃபோர்டுக்கு எதிராக வெஸ்ட்மின்ஸ்டரில் திரண்ட ஆயிரக்கணக்கானோரில் அவரும் ஒருவர்; நீதி, நீதி என்று கூட்டம் கத்தியதைத் தாமே எழுதிவைத்திருக்கிறார். அவர் பட்டினி கிடந்தவர் அல்லர்; கடனும் கவலையும் உள்ள, ஆனால் சொந்தப் பட்டறை வைத்திருந்த கைவினைஞர். கில்டு என்ற தொழிலர் சங்கத்தில் உறுப்பினர், பங்கில் வரி கட்டுபவர், வேதம் வாசிப்பவர். ஆயர் முறையை வேரும் கிளையுமாக ஒழிக்கக் கோரி 1640 டிசம்பரில் பாராளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குக் கொண்டுவரப்பட்ட லண்டன் மனுவில் சுமார் 15,000 கையெழுத்துகள் இருந்தன. அத்தனை கையெழுத்துகளைச் சில வாரங்களில் திரட்ட, கடை கடையாக, பங்கு பங்காக ஆள் அனுப்பும் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் ஏழையர் வரியையும் தெரு விளக்குமாற்றுக் கணக்கையும் நிர்வகித்ததில் வந்தது என்று சொன்னால் சிரிப்பாக இருக்கலாம். ஆனாலும் அதுவே உண்மை.

ஒற்றுமை நீடிக்கவில்லை. 1641 அக்டோபரில் அயர்லாந்தில் எழுச்சி வெடித்தது. அதை அடக்கப் படை திரட்டியாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை; அந்தப் படையை மன்னர் கையில் நம்பிக் கொடுக்கலாமா என்பதில்தான் பிளவு. நவம்பர் 22 அன்று மன்னர் மீதான குறைகளைத் தொகுத்த பெரும் முறையீடு 159க்கு 148 என்ற வாக்குகளில்தான் நிறைவேறியது. ஆளும் வர்க்கம் சரிபாதியாகப் பிளந்ததற்கு இதைவிடத் துல்லியமான எண் கிடைக்காது. 1642 ஜனவரி 4 அன்று ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்யச் சார்லஸ் ஆயுதம் ஏந்தியவர்களோடு சபைக்கே போனார். அவர்கள் ஏற்கெனவே லண்டன் நகருக்குள் போய்விட்டார்கள், நகரமோ அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஜனவரி 10 அன்று தலைநகரை விட்டு வெளியேறியவர் மன்னர்தான். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று அவர் படையோடு திரும்பி வந்தபோது, டர்னம் கிரீன் என்ற திடலில் லண்டன் ஊர்க்காவல் படையும் தொழில் பழகுநர்களும் பாராளுமன்றப் படையுமாகச் சுமார் 24,000 பேர் வழிமறித்து நின்றனர். நகரத்துப் பெண்கள் வண்டி வண்டியாக உணவும் மதுவும் அனுப்பிவைத்தார்கள் என்று அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பெரிய சண்டை நடக்கவில்லை. மன்னர் திரும்பிப் போனார். ஸ்டீர் 46 ஆண்டுகளுக்கு முன் கனவு கண்ட லண்டன் இளைஞர்கள் கடைசியில் வந்துதான் சேர்ந்தார்கள், ஆனால் தச்சரின் அழைப்புக்கு அல்ல. நகரசபையும் பாராளுமன்றமும் அழைத்தபோது வந்தார்கள்.

இந்தக் கூறுகளில் ஏதாவது ஒன்று குறைந்தால் என்ன ஆகும் என்பதை மற்ற நாடுகள் காட்டுகின்றன. 1525இல் ஜெர்மன் விவசாயிகளிடம் கோபமும் இருந்தது, எழுத்தும் இருந்தது. மெம்மிங்கன் நகரில் எழுதப்பட்ட அவர்களுடைய 12 அம்சக் கோரிக்கை இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 25 பதிப்புகள் கண்டது. கிறிஸ்து எல்லாரையும் தம் ரத்தத்தால் மீட்டிருக்க, நாங்கள் எப்படி அடிமைகளாக இருக்க முடியும் என்று அதன் மூன்றாவது அம்சம் கேட்டது. ஆனால் மேலே பிளவு இல்லை. மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில் அவர்களைக் கொன்று குவித்த படையில், மதச் சீர்திருத்தவாதி லூத்தரைப் பின்பற்றிய ஹெஸ்ஸ நாட்டுப் பிலிப்பும் லூத்தரைக் கடுமையாக வெறுத்த சாக்சனி ஜார்ஜும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். மதத்தில் சேராத இருவர் குடியானவர்களுக்கு எதிராகச் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த இத்தாலிய நகரம் நேப்பிள்ஸில் 1647இல் நடந்தது வேறு வகை. பழங்களின் மீது போட்ட வரிக்கு எதிராக ஜூலை 7 அன்று சந்தையில் மூண்ட கலவரம், மசனியல்லோ என்ற மீனவ இளைஞனை ஒன்பது நாள் நகரத்தின் தலைவனாக்கியது. ஜூலை 16 அன்று அவனைக் கொன்று தலையை எடுத்தபோது கூட்டம் பெரிதாகக் கலங்கவில்லை. மறுநாள் ரொட்டியின் எடை குறைந்ததும்தான் மனம் மாறி, உடலையும் தலையையும் சேர்த்துப் பிரம்மாண்டமாக அடக்கம் செய்தது. அக்டோபரில் குடியரசே அறிவிக்கப்பட்டது. ஆனால் கிராமப்புறத்தைக் கையில் வைத்திருந்த பிரபுக்கள் ஸ்பானிய மன்னரின் பக்கமே நின்றனர். 1648 ஏப்ரலில் ஸ்பானியர் திரும்பி வந்துவிட்டனர்.

பிரான்சில் எல்லாம் இருந்தது போலத் தோன்றும். 1639இல் நார்மண்டியில் உப்பு வரி வருகிறது என்ற வதந்தியே வெறுங்காலர் கலகத்தை மூட்டியது. மன்னர் படையை அனுப்பி நசுக்கினார். 1648இல் பாரிஸின் உயர் நீதிமன்றங்களே அரசுக்கு எதிராகத் திரும்பின. ஆகஸ்ட் 26 அன்று புரூசெல் என்ற முதிய நீதிபதியைக் கைது செய்ததும் தெருவெங்கும் தடுப்பரண்கள் எழுந்தன. இங்கிலாந்தில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கப் போகிறது என்று அஞ்சியவர்கள் உண்டு. நடக்கவில்லை; காரணம், அந்த நீதிபதிகள் தங்கள் பதவியை விலை கொடுத்து வாங்கியவர்கள். 1604 முதல், பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டினால் அதைப் பிள்ளைக்குச் சொத்தாக விட்டுச்செல்லலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டைப் புதுப்பிக்க நான்கு ஆண்டுச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டதுதான் அவர்களுடைய கோபத்தை மூட்டிய பெரிய பொறி. மன்னராட்சியில் இவ்வளவு முதலீடு செய்தவர்கள் அதோடு பேரம் பேசுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள், ஆனால் அதைக் கொளுத்த மாட்டார்கள். 1649 மார்ச்சிலேயே நீதிமன்றத்தார் சமாதானம் செய்துகொண்டனர். பிறகு இளவரசர்கள் நடத்திய சண்டை 1653 வரை இழுத்தது. நாடு நாசமானது, அமைப்பு மாறவில்லை.

இங்கிலாந்துக்கு மிக அருகில் வருவது நெதர்லாந்து. 1566இல் தானிய விலை ஏறியிருந்த வேளையில் சிலை உடைப்பு வெடித்தபோது, பல நகரங்களில் ஊர்க்காவல் படையினர் கோயில்களைக் காக்க மறுத்துக் கைகட்டி நின்றனர். நாட்டை ஆண்ட ஸ்பெயின் மன்னரின் ஆளுநர் ஆல்பா பிரபு 1569இல் பொருள்களின் விற்பனை மீது பத்தில் ஒரு பங்கு வரி கேட்டது நகர வணிகர்களைப் பகைத்தது. 1572 ஏப்ரல் 1 அன்று கடற்கலகக்காரர்கள் பிரில் துறைமுகத்தைப் பிடித்ததும் ஹாலந்தின் நகரசபைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் மாறின; தம்மைத் தாமே ஆண்டு பழகிய ஊர்கள் என்பதால், ஸ்பானிய அதிகாரம் போன மறுநாளும் அங்கே குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலாயிற்று, அணைகள் பராமரிக்கப்பட்டன. 1581 ஜூலை 26 அன்று அவர்கள் ஸ்பெயினின் பிலிப் மன்னரைத் துறந்து வெளியிட்ட பிரகடனம், குடிமக்கள் மன்னனுக்காகப் படைக்கப்படவில்லை, மன்னன்தான் குடிமக்களுக்காக என்றது. இங்கிலாந்தின் முடியாட்சி உடையத் தொடங்கிய அதே 1640இல் ஸ்பெயினிடமிருந்து பிரிய முயன்ற கத்தலோனியாவையும் போர்ச்சுகலையும் வைத்து இதே அளவுகோலைச் சோதிக்கலாம். அது தனியாகவே எழுதத்தக்க விஷயம்.

இந்த அளவுகோல் புரட்சி அரசுக்கும் பொருந்துகிறது. 1647 அக்டோபரில் பட்னி கோயிலில் கூடிய பாராளுமன்றப் படையினரிடையே கர்னல் ரெயின்பரோ, இங்கிலாந்தின் மிகப் பெரியவனுக்கு இருப்பது போலவே மிக ஏழைக்கும் வாழ ஒரு வாழ்வு இருக்கிறது, ஆகவே தன்னை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்க அவனுக்கும் குரல் வேண்டும் என்று வாதிட்டார். பாராளுமன்றப் படைத் தலைவர்களில் ஒருவரான கிராமவெலின் மருமகன் அயர்டன், நிலமில்லாதவனுக்கு வாக்கு என்றால் அடுத்து நிலத்தையே கேட்பான் என்று மறுத்தார். வென்றது அயர்டன் தரப்பு. 1649இல் மன்னரின் தலை வெட்டப்பட்ட பிறகு புதிய அரசுக்கு சார்லஸிடம் இல்லாத ஒன்று, நிலையான படை, இருந்தது. ஆனால் ஊர்களை நடத்திய பழைய சமாதான நீதவான் குடும்பங்கள் ஒதுங்கத் தொடங்கின. 1655இல் கிராமவெல் மாவட்டங்களைத் தளபதிகளின் கண்காணிப்பில் விட்டார். அந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1659இன் இறுதியில் மாவட்டங்களிலிருந்தும் லண்டனிலிருந்தும் மீண்டும் மனுக்கள் கிளம்பின. சுதந்திரமான பாராளுமன்றம் கூடும் வரை வரி கட்டுவதில்லை என்று லண்டன் நகரசபை தீர்மானித்தது. மீண்டும் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு படை தெற்கு நோக்கி வந்தது. இம்முறை அதன் தலைவர் ஜெனரல் மங்க். 1660 பிப்ரவரியில், வரி கட்டாத நகரத்தின் வாயிற்கதவுகளைப் பிடுங்கும்படி, 1640இல் கூடிய சபையில் எஞ்சியிருந்த உறுப்பினர்களின் பாராளுமன்றம் அவருக்கு உத்தரவிட்டது. பிடுங்கினார், இரண்டு நாளில் மனம் மாறி நகரத்தின் பக்கம் சாய்ந்தார். அன்று இரவு, 'ரம்ப்' (பின்தொடை) என்று பட்டப்பெயர் பெற்ற அந்த எஞ்சிய பாராளுமன்றத்தைக் கேலி செய்து லண்டன்வாசிகள் தெருத்தெருவாகத் தீ மூட்டி மாட்டின் பின்தொடை இறைச்சியைச் சுட்டார்கள். சாமுவேல் பெபிஸ் என்ற இளம் எழுத்தர் ஸ்டிராண்டு பாலத்தருகே நின்று, ஒரே பார்வையில் 31 தீக்களை எண்ணியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.